பதினொரு விநாடி

செப்டம்பர் 9, செவ்வாய்

விண்ணப்பத்தை இன்று அனுப்பிவிட்டேன். நியூஜெர்சியில் போதை மீட்பு ஆலோசகராக இத்தனை வருடம் ஓடிவிட்டது. இனி மற்ற ஆலோசகர்களுக்கு மேற்பார்வையாளராகச் சான்றிதழ் பெற வேண்டும். அதற்கென்றே 30 மணி நேர வகுப்பு உண்டு. பிறகு ஐசி அண்டு ஆர்சி அமைப்பின் தேர்வு: 3 மணி நேரம், 150 கேள்விகள்.

மேஜையில் 'டிப் 52' இருக்கிறது. போதை சிகிச்சை ஆலோசகர்களின் மேற்பார்வை பற்றி அமெரிக்க அரசின் சாம்சா அமைப்பு 2009-இல் வெளியிட்ட கையேடு. ஆலோசகர் 20 முதல் 40 மணி நேரம் சிகிச்சை வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் மேற்பார்வை வேண்டும் என்கிறது. நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் அந்த ஒரு மணி நேரம் கோப்பில் கையெழுத்து விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதிலேயே கழியும். என்னிடம் ஆலோசனைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் ஃபென்டனில் என்ற போதைமருந்தை அளவுக்கு மீறி எடுத்து இறந்த வாரத்திலும், "கேஸை முடிச்சாச்சா?" என்றுதான் கேட்டார்கள். 'நீ எப்படி இருக்கிறாய்?' என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாக வேண்டும் என்றுதான் படிக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

பயிற்சிக்காக என்னிடம் விட்டிருக்கும் இளைஞர், தானே ஏழு வருடமாகக் குடியைத் தொடாதவர். ஆலோசனையை ஒலிப்பதிவு செய்து கேட்கலாமா என்றேன். முகம் இறுகிவிட்டது. "நடந்ததை நானே எழுதித் தரேனே" என்றார். தன் வேலையைத் தானே எழுதும்போது தடுமாறிய இடம் எவருக்கும் விட்டுப்போகும். நேரில் பார்க்கவோ பதிவில் கேட்கவோ வேண்டும் என்று கையேடு வற்புறுத்துவது அதனால்தான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவிடம் போனில் அந்த இளைஞரின் தயக்கத்தைச் சொன்னேன். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தவர். "இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தா கடைசி பெஞ்சுல உக்காந்து நோட்டுல எழுதிக்கிட்டே இருப்பாங்க. தெரிஞ்ச பாடமே மறந்துபோகும். ஒருத்தர் மட்டும் வகுப்பு முடிஞ்சதும், 'எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு டீச்சர்?'னு கேட்டார். அவரை மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கு."

செப்டம்பர் 19, வெள்ளி

ஆலோசனைக்கு வந்தவரின் எழுத்துபூர்வமான சம்மதத்துடன் இளைஞரிடமிருந்து பதிவு கிடைத்தது. பதிவில் வந்தவர் சொல்கிறார்: "சனிக்கிழமை ராத்திரி மதுக்கடை வாசல்ல வண்டியை நிறுத்திட்டேன்." மௌனம். இரண்டு விநாடிகூட இல்லை, நம்மவர் பாய்கிறார்: "உடனே உங்க ஸ்பான்சரைக் கூப்பிட்டிருக்கணும்." (மீட்புக் குழுவில் துணை நிற்கும் மூத்த உறுப்பினர்தான் ஸ்பான்சர்.) அதன்பின் வந்தவர் வானிலை பற்றித்தான் பேசினார்.

பதிவை நிறுத்தி, அந்த மௌனத்தை ஏன் கலைக்கக் கூடாது என்று விளக்கினேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

வகுப்பில் சொன்னபடி எங்கள் சந்திப்பையும் பதிந்திருந்தேன். இன்றிரவு கேட்டேன். "அந்த இடத்துல உங்களுக்கு என்ன தோணிச்சு?" என்று அவரைக் கேட்கிறேன். மௌனம். இரண்டு விநாடி. பதிலையும் நானே சொல்லத் தொடங்குகிறேன்.

சிகிச்சை அறையில் நடப்பது மேற்பார்வை அறையிலும் நிழலாக விழும் என்று 1955-இலேயே எழுதினார் ஹரோல்டு சியர்ல்ஸ் என்ற மனநல மருத்துவர். தேர்வுக்காக அடிக்கோடிட்டு வைத்திருந்த வரிதான். என் குரலிலேயே கேட்டபோதுதான் உறைத்தது. பொறுத்திருப்பதைப் பற்றி அவருக்குப் பாடம் எடுத்தேனே தவிர, அவருக்காக நான் பொறுத்திருக்கவில்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

முதலில் அதை அவரிடம் ஒத்துக்கொண்டேன். பிறகு அதே பதிவு, அதே இடம். "எந்த இடம் கஷ்டமா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. பதினொரு விநாடி.

"நானும் அப்படி வண்டியை நிறுத்தினவன்தான். அவர் மேற்கொண்டு சொன்னா என்னால தாங்க முடியுமோன்னு பயந்துட்டேன்."

அவர் கதைக்குள் நுழைந்து ஆறுதல் சொல்ல மனம் துடித்தது. ஆனால் மேற்பார்வையாளர் தன் ஆலோசகருக்குச் சிகிச்சை அளிக்கக் கூடாது. ஆசிரியர், ஆலோசகர், கலந்தாய்வாளர் என்று மேற்பார்வையாளரின் மூன்று பாத்திரங்களை 1979-இல் வகுத்த ஜேனின் பெர்னார்டும் ஆலோசகர் பாத்திரத்தை வேலைக்குத் தேவையான அளவோடுதான் வைக்கிறார். அந்தப் பயத்தைத் தன் மீட்புக் குழுவில் பேசச் சொன்னேன். பிறகு, "இது தெரிஞ்ச பிறகு, அவரோட அடுத்த சந்திப்புல என்ன செய்வீங்க?" என்றேன்.

இந்த முறை குறிப்பேட்டைத் திறக்கவில்லை. சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வண்டியை நிறுத்தினப்புறம் என்ன ஆச்சுன்னு கேப்பேன். கேட்டுட்டுச் சும்மா இருப்பேன்."