ஒரு நேரத்தில் ஒரு திருகு

வண்டி நடுவழியில் நின்றுபோனால் கை உடனே ஸ்பானரைத் தேடக் கூடாது. முதலில் கண்ணும் காதும் மூக்கும் வேலை செய்யட்டும். கை கடைசியில் வந்தால் போதும். திருமலைராயன்பட்டினத்தில் பழைய புல்லட் ஒன்றைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்வர ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதைத்தான். சொல்லிவிட்டு எழுந்துபோனால் யாருக்கும் பயன்படாது என்பதால், எப்படி என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் ஊரில் இப்படிப்பட்ட வண்டிகள் பல வீட்டுத் தாழ்வாரங்களில் நிற்கின்றன. அப்பா பிரான்சுக்கோ வளைகுடாவுக்கோ போயிருப்பார், இல்லையென்றால் வயதாகி ஓட்டுவதை விட்டிருப்பார். பிள்ளை வளர்ந்து அதே சாவியைக் கையில் எடுக்கும். அந்தச் சாவியை எடுக்கும் பிள்ளைக்கு ஒரு செய்தி தெரிந்திருக்க வேண்டும். இது நம் கடற்கரையிலேயே உருவான வண்டி. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் ஆலை அமைத்தார்கள். இங்கிலாந்தில் 1970-இல் கடை மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் அதே வடிவம் ஓடிக்கொண்டிருந்தது. 70 மில்லிமீட்டர் விட்டம், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட அந்த இன்ஜின் 2010 வாக்கில்தான் விடைபெற்றது. அரை நூற்றாண்டுக்கு மேல் பெரிதாக மாறாத இன்ஜின் என்பதால் உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. உள்ளே கம்ப்யூட்டர் இல்லை. நடப்பதெல்லாம் கண்ணால் பார்க்கவும் விரலால் தொடவும் கூடிய காரியங்கள். பொறுமையுள்ள ஒருவர் வீட்டுத் திண்ணையிலேயே இதைப் பழகிக்கொள்ளலாம்.

சில மாதங்களுக்கு முன் என் அண்ணன் பேரன் கோடியக்கரைக்குப் போகும் வழியில் போன் செய்தான்.

"தாத்தா, வண்டி திருப்பூண்டி தாண்டி நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு உதைச்சா ஸ்டார்ட் ஆவுது. பத்துக் கிலோமீட்டர் போனதும் மறுபடி நிக்கிது."

"நின்ன உடனே என்னப்பா பார்த்த?"

"ஒண்ணும் பாக்கலை. சூடு ஆறட்டும்னு உக்காந்திருந்தேன்."

"சூடு ஆறுனப்ப தடயமும் சேர்ந்து ஆறிடுச்சேப்பா."

அவன் வண்டிக்கு வந்த கோளாறு அறிந்துகொள்ளத் தக்கது. ஓடி நின்று, சற்றுப் பொறுத்தால் மறுபடி ஓடும் இந்த நோய்க்குக் குறைந்தது இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பெட்ரோல் டாங்கி மூடியில் இருக்கும் காற்றுத் துளை அடைபட்டிருக்கலாம். டாங்கியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கித்தான் கார்புரேட்டருக்கு வருகிறது. இறங்கிய அளவுக்கு வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் டாங்கிக்குள் வெற்றிடம் கூடிக்கூடி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடும். காத்திருக்கும் நேரத்தில் இண்டு இடுக்கு வழியாகக் கொஞ்சம் காற்று புகுந்து, மறுபடி ஓடவைக்கும். இன்னொன்று, கண்டன்சர். சூடேறும்போது அதன் உள்காப்பு பலவீனப்பட்டால் பாயிண்டில் தீப்பொறி பறந்து பிளக்குக்கு வலுவான பொறி போகாது. ஆறியதும் அது நல்ல பிள்ளையாகிவிடும். இக்னிஷன் காயிலும் சில நேரம் இதையே செய்யும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.

பிரித்தறிய ஒரே வழி, நின்ற அந்த நிமிஷத்திலேயே பார்ப்பது. முதலில் டாங்கி மூடியைத் திறக்க வேண்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் அதுவே பதில். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கச் சிறிது அவகாசம் கொடுத்து, வேறு எதையும் தொடாமல் ஒருமுறை உதைத்துப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் மூடியை இறுக்கிவிட்டு, துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றி, அதன் கேப்பிலேயே பொருத்தி, பிளக் துளைக்கு எட்டத் தள்ளி சிலிண்டர் ஹெட் விளிம்பில் நன்றாகப் படும்படி வைத்து உதைத்துப் பார்க்கலாம். பெட்ரோல் சிந்திய இடத்தில் இதைச் செய்யவே கூடாது. நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் மின்சாரப் பக்கம் பெரும்பாலும் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தால் கண்டன்சரையும் பாயிண்டையும் பார்க்க வேண்டும். பொறி நன்றாக இருந்து பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மேல் வந்துவிட்டது.

பேரனுடைய வண்டியில் மூடிதான் காரணம். துருவும் உப்புத் தூசியும் சேர்ந்து துளையை அடைத்திருந்தன. ஒரு மெல்லிய கம்பியால் வேலை முடிந்தது. அதற்குள் கூட்டாளிகள் ஆளுக்கொன்று சொல்லி, புது கார்புரேட்டருக்கு விலை விசாரிக்கும் அளவுக்கு அவனைக் கொண்டுபோயிருந்தார்கள். புது கார்புரேட்டர் போட்டிருந்தாலும் வண்டி நின்றுதான் இருக்கும்.

பாகங்களை மாற்றிமாற்றிப் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. பிளக்கையும் கண்டன்சரையும் ஜெட்டையும் ஒரே மாலையில் மாற்றினால் வண்டி ஓடலாம். ஆனால் எது செய்த வேலை என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்தமுறை நின்றால் மறுபடி மூன்றையும் வாங்க வேண்டியதுதான். வேலையில் மனம் ஒட்டவில்லை என்று கம்பெனி, ஊர், தொழில் மூன்றையும் ஒரே மாதத்தில் மாற்றிக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சில மாதம் போனதும் அதே சோர்வு வந்து பக்கத்தில் உட்காரும். எதனால் என்று கண்டுபிடிக்க அப்போது ஒரு பிடிமானமும் மிஞ்சியிருக்காது. ஒன்றை மாற்றுங்கள். மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். பிறகு அடுத்தது.

முதல் பார்வையில் தெரிவதை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இந்த வண்டியின் ஆயிலே சாட்சி. நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும். பதறிப்போய் அரை லிட்டர் ஊற்றிவிடுவார்கள். ஆயில் எங்கும் போகவில்லை. நின்ற நாட்களில் ஆயில் அறையிலிருந்து மெல்லக் கசிந்து கிராங்க் கேஸின் அடியில் சேர்ந்திருக்கும். மேலே ஊற்றியது, ஓட்டும்போது பிரீதர் குழாய் வழியாக வெளியே வந்து பின்சக்கரம்வரை தெளிக்கும். டயரில் ஆயில் பட்டால் வளைவில் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு, பம்ப் அந்த ஆயிலைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

உதைப்பதிலும் பலம் பெரிதல்ல. கிக்கரை மெல்ல அழுத்தினால் ஓரிடத்தில் கெட்டியாக எதிர்க்கும். அங்கே நிறுத்தி, டீகம்பிரஷர் லிவரைப் பிடித்து, கிக்கரை ஒரு சிறு அளவு மட்டும் கீழே தள்ளி, லிவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுக்கால் போட்டு ஒரே உதை. சாவி போட்டிருந்தால் ஆம்ப் மீட்டரின் முள்ளும் வழி சொல்லும்: பாயிண்ட் மூடியிருக்கும்போது ஒரு பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். இதைப் படிக்காமல் அவசரத்தில் உதைத்து, கிக்கர் திருப்பி அடித்து, கணுக்கால் வீங்கி உட்கார்ந்தவர்கள் உண்டு. பழைய புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இன்றைய வண்டிகளில் பழகிய கால் ஆபத்து நேரத்தில் பழைய ஞாபகத்தில்தான் மிதிக்கும். ஆகவே கூட்டமில்லாத சாலையில் சில வாரம் பழகாமல் காரைக்கால் கடைவீதிக்குள் நுழைய வேண்டாம்.

நம் ஊருக்கென்று தனியாக ஒரு எதிரி உண்டு. கடல் காற்று. பட்டினச்சேரியிலிருந்து வீசும் அந்த ஈரம் ஒயர் முனைகளில் பச்சைப் பொடியாகவும், பேட்டரி முனைகளில் வெள்ளைப் பொடியாகவும் படியும். ஹெட்லைட் மங்கினால், ஹாரன் கம்மினால், பாதி நேரம் காரணம் எர்த். ஒயர் சட்டத்தைத் தொடும் அந்த ஒரு போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் உலோகம் பளிச்சிடத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவினால் போதும். கடலுக்குப் போய்வந்த அவுட்போர்டு இன்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவது மீனவர்களின் வழக்கம். உப்போடு வாழ்பவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய ஒழுங்கு அது. மாசிமகத்துக்குத் திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் தீர்த்தவாரிக்கு இங்கே எழுந்தருளும்போது கடலோரம்வரை வண்டியைக் கொண்டுபோனால், அன்று இரவே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்துவிடுங்கள். சக்கர ஹப்புக்குள் வேகமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். செயினை மண்ணெண்ணெயில் துலக்கி, காயவிட்டு, கியர் ஆயில் இடுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாயை இறுகக் கட்டி மூடி வைப்பது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டு வேர்த்து, ஸ்போக்ஸும் சைலன்ஸரும் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய பருத்திப் புடவை அதைவிட நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது. நம் காரைக்கால் பக்கம் வரி குறைவு என்று நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள்கூட வாஞ்சூர் எல்லைக்கு வந்து டாங்கியை நிரப்பிப் போவதைப் பார்க்கிறோம். அந்தப் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்திருக்கிறது. நாடு 2022-இல் 10 விழுக்காட்டைத் தொட்டு, பிறகு 20 விழுக்காட்டுக்குப் போய்விட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். நெடுநாள் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, டாங்கியைத் துருவாக்கும். பழைய ரப்பர் குழாயையும் வாஷரையும் ஊதவோ வெடிக்கவோ வைக்கும். அதனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டியை நிறுத்தி வைப்பதென்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை இன்ஜினை ஓடவிட்டு நிறுத்துங்கள். ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பாருங்கள். கீறல் தெரிந்தால் அன்றே மாற்றிவிடுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் வண்டியே எரியும்.

வீட்டில் என்ன செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்ற எல்லை தெரிவதும் படிப்புதான். பாயிண்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைப்பது, இன்ஜின் ஆறிய நிலையில் டேப்பெட் மூடியைத் திறந்து புஷ் ராட் விரலுக்குத் தாராளமாகச் சுழல்கிறதா, மேலும் கீழும் ஆடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது, கேபிளுக்கு எண்ணெய் விடுவது, இவையெல்லாம் திண்ணை வேலை. கிராங்க், பிக் எண்ட், பிரேக் ஷூவுக்கு லைனிங் அடிப்பது ஆகியவை பட்டறை வேலை. பழைய பிரேக் டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பட்டறைக்குப் போனால் முடிவைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். "கண்டன்சர் மாத்துங்க" என்றால் மெக்கானிக் மாற்றிக்கொடுப்பார். கேட்டதைச் செய்தது அவர் தவறில்லை. "முப்பது கிலோமீட்டர் ஓடினதும் மிஸ் அடிக்குது அண்ணே, மேடு ஏறும்போது அதிகம், மூடியைத் திறந்து பார்த்தேன், அதுல ஒண்ணுமில்லை" என்று சொல்லுங்கள். கையில் கிரீஸோடு வாழ்க்கையை ஓட்டிய அந்த மனிதரின் முகம் மாறுவதைக் காண்பீர்கள். பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். நான் அறிந்தவற்றில் பாதி இப்படி நின்று பார்த்துக் கற்றது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, பிளக்கின் நிறம். காப்பி நிறமாக இருந்தால் எரிதல் சரி; கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல்; வெளுத்திருந்தால் குறைவு, அல்லது எங்கோ காற்று புகுகிறது. ஒருநாள் பார்த்த நிறம் பெரிதாக எதுவும் சொல்லாது. ஆறு மாத நோட்டைப் புரட்டினால் வண்டி எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு வருகிறது என்று தெரியும்.

தொலைதூரம் போகும் ஆசை வந்தால், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளோ வால்பாறையோ, புறப்படுவதற்கு முதல் நாள் எதையும் கழற்றிப் பூட்டாதீர்கள். வேலையெல்லாம் ஒரு வாரம் முன்பே முடியட்டும். கிளட்ச் கேபிள் ஒன்றைப் பழைய கேபிளை ஒட்டியே இழுத்து, முனைகளை டேப் சுற்றி வைத்துவிடுங்கள்; வழியில் அறுந்தால் டாங்கியைக் கழற்றாமல் முனையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். பிளக், பாயிண்ட் செட், கண்டன்சர், ஃபியூஸ், செயின் லாக், டியூப் ஆகியவை பையில் இருக்கட்டும். பிறகு ஒரு காலையில் தரங்கம்பாடிவரை ஓட்டிவிட்டு வாருங்கள். ஒற்றை சிலிண்டரின் அதிர்வுக்கு எந்த நட்டு தளர்கிறது என்பது அந்தச் சவாரியில் தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து இன்ஜின் ஆறியதும் சைலன்ஸர், இன்ஜின் பிடிமானம், பின்சக்கர அச்சு, மட்கார்டு என்று ஒவ்வொன்றாக ஸ்பானர் வைத்துப் பாருங்கள். தளர்ந்தவற்றை இறுக்கி, எவையெவை என்று நோட்டில் எழுதுங்கள். இரண்டாவது தடவை தரங்கம்பாடி போய்வந்தும் அதே நட்டு தளர்ந்திருந்தால், அந்தப் பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, அது ஏன் தளர்கிறது என்று பாருங்கள்.