கார்பெட்டுக்கு அடியில்

'பங்க்' என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்னு எனக்குத் தெரியும். முதல் பீரியட், கேன்டீன், அப்புறம் செமஸ்டர் கடைசியில் அட்டெண்டன்ஸ் கணக்கு. நான் சொல்லப்போவது வேற பங்க். படகை ஏற்றிச் செல்லும் டிரெய்லரில், படகின் அடிப்பாகம் உட்காருவதற்காக நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள் இருக்கும். மேலே கார்பெட் சுற்றியிருப்பார்கள். அந்தக் கட்டைக்கும் பேர் பங்க்தான்.

நம்ம ஊர் கடற்கரையில் ஃபைபர் படகை டிராக்டர் வைத்து மணலில் இழுத்து ஏற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் முறையே வேறு. அங்கே கடல் மாதிரி இருக்கிற பெரிய ஏரிகளைக் கணக்கில் எடுக்காமலேயே 11,000-க்கும் மேல் ஏரிகள் உண்டு. கோடையில் படகை டிரெய்லரோடு காருக்குப் பின்னால் மாட்டி ஏரிக்குக் கொண்டுபோவார்கள். கரையில் தண்ணீருக்குள் இறங்கும் சரிவுப் பாதை இருக்கும். அதில் ரிவர்ஸ் எடுத்து டிரெய்லரையே தண்ணீரில் இறக்கினால் படகு மிதந்து கிளம்பிவிடும். குளிர்காலத்தில் ஏரி உறைந்துபோகும், படகு வீட்டு வாசலில் டிரெய்லர் மேலேயே கிடக்கும். ஆக, வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் படகைத் தாங்குவது அந்த இரண்டு கட்டைகள்தான்.

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் அம்மாவோடு மிச்சிகனில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு அப்போ எட்டாவது மாசம். அத்தானிடம் 16 அடி அலுமினியப் படகு ஒன்று இருந்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. குழந்தை வரப்போகுது, செலவு இருக்கு, வித்துடலாம்னு முடிவு பண்ணியிருந்தார். பங்க் கார்பெட் பின்பக்கம் கிழிந்து தொங்கியது. "பழசு மேலேயே புது கார்பெட்டைச் சுத்தி ஸ்டேப்பிள் அடிச்சுடுவோம். ரெண்டு மணி நேர வேலை, நீயும் வா" என்றார்.

கிழிந்த இடத்தைத் தூக்கினேன். உள்ளே மரம் லேசான பச்சை நிறத்தில் இருந்தது. அதன் நுனியில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சீட்டு, ஸ்டேப்பிள் அடித்தபடி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் மரம் வாங்கும்போது வரும் சீட்டு அது. 'ரசாயனம் ஏற்றிய மரம், மண்ணில் புதைக்கலாம்' என்ற அர்த்தத்தில் எழுதியிருந்தது. அதாவது, உளுக்காமல் இருக்க மரத்துக்குள் அழுத்தம் கொடுத்து மருந்து ஏற்றியிருக்கிறார்கள். கட்டை கல்லு மாதிரி இருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தினாலும் இறங்கவில்லை.

"நல்ல மரம்தானே?" என்றார் அத்தான். மரம் நல்ல மரம்தான். ஆனால் அந்த மருந்தில் இருப்பது காப்பர்.

இங்கேதான் நம்ம முதல் வருஷ கெமிஸ்ட்ரி வருது. அமெரிக்காவில் 2003 வரை வீட்டு உபயோக மரத்துக்கு குரோமியம், காப்பர், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்தைத்தான் பெரும்பாலும் ஏற்றினார்கள். ஆர்செனிக் விஷம் என்பதால் அதை அந்த வருஷக் கடைசியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக வந்த மருந்துகளில் காப்பர் இன்னும் அதிகம். மழையிலோ ஏரியிலோ நனைந்தால் அந்த காப்பர் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். அலுமினியம் மேல் காப்பர் படிந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைந்துபோவது அலுமினியம். இதுக்கெல்லாம் ஈரம் வேணுமே? அதுக்குத்தான் கார்பெட் இருக்கு. படகில் கீறல் விழாமல் காப்பாற்றும் அதே கார்பெட், ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டு மாசக்கணக்கில் அலுமினியத்தோடு ஒட்டிக் கிடக்கும். 'கால்வானிக் கரோஷன்' என்று படம் போட்டுப் பதில் எழுதியிருப்போமே, அதேதான்.

டிரெய்லருக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கட்டை ஓரமாகவே, படகின் அடியில், நீளமாக வெள்ளைப் பவுடர். தேய்த்துவிட்டு நகத்தால் தடவினால் சின்னச் சின்னக் குழிகள். அத்தானையும் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

அவர் என்ன யோசித்தார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு விற்றவர் இதையேதான் செய்திருக்கிறார்: பழைய கட்டையை மாற்றி, மேலே கார்பெட் சுற்றி, பளிச்சென்று கொடுத்துவிட்டார். இப்போ நாமும் மேலே புதுசு சுற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பார்த்துவிட்டு முழு விலை கொடுத்து எடுத்துப் போயிடுவார். குழி என்றைக்கோ ஒருநாள் ஓட்டையாகும்போது படகு யாருடையதோ.

ராத்திரி சாப்பாட்டில் பேச்சு வந்தது. அம்மா, "அவன் நமக்குச் சொன்னானா, நாம சொல்றதுக்கு?" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கு. அக்கா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தபடி, "வாங்குறவனும் புள்ளைங்களக் கூட்டிட்டுதானே ஏரிக்குப் போவான்" என்றாள். அதோட பேச்சு முடிஞ்சது.

மறுநாள் படகை ஏரியில் இறக்கி, அத்தானின் நண்பர் வீட்டுப் படகுத்துறையில் கட்டிவிட்டு, காலி டிரெய்லரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மருந்து ஏற்றாத டக்ளஸ் ஃபிர் மரம் வாங்கினோம். பேர் 'டூ பை ஃபோர்'. ஆனால் அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம்தான் இருக்கும், அங்கே அதுதான் வழக்கம். மூன்று கோட் வார்னிஷ், நுனிகளுக்கு மட்டும் இன்னொரு கோட். மரம் தண்ணீரை அதிகமாக உறிஞ்சுவது வெட்டுமுனை வழியாகத்தான்.

கட்டையைப் படுக்க வைக்கிறோம் என்பதையும் கவனிக்கணும். அதே கட்டையை நிறுத்தி வைத்தால் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா ஐந்து மடங்குக்கு மேல் கிடைக்கும். ஆனால் படகு உட்கார அகலம் வேணும், அதனால் படுக்கைதான். வளைவைக் குறைக்க இன்னொரு வழி, தாங்கும் இடங்களின் இடைவெளியைக் குறைப்பது. இடைவெளி பாதியானால் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நடுவில் ஆளுக்கொரு பிராக்கெட் சேர்த்தோம். கட்டையின் பின்முனை, மோட்டார் தொங்கும் பின்பலகை வரைக்கும் போகிற மாதிரி நீளம் வைத்தோம். அங்கேதான் எடை அதிகம், கட்டை குட்டையாக இருந்தால் படகின் அடி வளைந்துவிடும்.

போல்ட்டுகள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கீழே இருந்து மேலே போகும், ஆனால் முனை வெளியே எட்டிப் பார்க்காத நீளம். ஸ்டேப்பிளும் ஸ்டெயின்லெஸ்தான். கார்பெட்டை அடிப்பக்கம் முழுசா மூடாமல் நடுவில் இடைவெளி விட்டோம், தண்ணீர் வடிந்து மரம் காயட்டும் என்று. ரெண்டு மணி நேர வேலை ரெண்டு நாள் ஆனது. படகைத் திரும்ப ஏற்றியதும் உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கேயாவது சொட்டுதா என்று பார்த்தோம். சொட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் வயசானவர், பேத்தியோடு வந்திருந்தார். அத்தான் முதலில் அந்தப் பிளாஸ்டிக் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தார். அப்புறம் டார்ச்சைக் கொடுத்து அடியில் பார்க்கச் சொன்னார். அவர் மெதுவாகக் குனிந்து பார்த்தார், குழிகளைத் தடவினார், எழுந்து 300 டாலர் குறைத்துக் கேட்டார். அத்தான் கொடுத்துவிட்டார். குழந்தைக்குக் கார் சீட் வாங்க வைத்திருந்த பணம் அது. சீட்டை அந்தப் பெரியவர் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனார்.

நம்மில் பலர் இன்னும் சில மாசத்தில் வேலைக்குச் சேரப்போகிறோம். கோடோ, கட்டடமோ, மெஷினோ, யாரோ செஞ்சு வெச்ச வேலை மேலே புதுசா ஒரு லேயர் போடச் சொல்லுவாங்க. டைம் குறைவா இருக்கும், மேலே பார்த்தா எல்லாம் நல்லாத்தான் தெரியும். போடறதுக்கு முன்னாடி ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்க. பார்த்ததை அடுத்து வர்றவங்க கையில கொடுத்துட்டுப் போங்க.