17 விநாடியும் தக்காளியும்

எல்லையில் விமானம் விழுந்த செய்தி எது வந்தாலும் எனக்கு 2015 நவம்பர் 24தான் நினைவுக்கு வருகிறது. சிரிய எல்லையோரம் பறந்த ரஷ்யாவின் சு-24 விமானத்தைத் துருக்கியின் எஃப்-16 சுட்டு வீழ்த்திய நாள். எங்கள் வான்வெளிக்குள் 17 விநாடி நுழைந்தது, 5 நிமிடத்தில் 10 முறை எச்சரித்தோம் என்றது துருக்கி. நுழையவே இல்லை என்றது ரஷ்யா. அந்த விமானத்தில் இருந்து உயிர் பிழைத்த அதிகாரியோ, எச்சரிக்கையே வரவில்லை என்றார்.

பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த விமானியைக் கீழேயிருந்த சிரியக் கிளர்ச்சியாளர்கள் சுட்டார்கள். தேடப்போன வீரர் ஒருவரும் செத்தார். அப்படிக் குதித்தவரைச் சுடக்கூடாது என்பது போர்ச் சட்டம். 17 விநாடிக்கு நடந்த விவாதத்தில் பாதிகூட இதற்கு நடக்கவில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை.

முதுகில் குத்திவிட்டார்கள் என்றார் ரஷ்ய அதிபர் புதின். மூன்றாம் உலகப் போர் என்று டிவிக்காரர்கள் அலறினார்கள். பதிலடி விழுந்ததோ துருக்கித் தக்காளி மீது! இறக்குமதித் தடை. சுற்றுலா விமானங்களும் நின்றன. துருக்கியின் அன்டால்யா ஓட்டல்கள் ரஷ்யர்கள் இல்லாமல் காற்றாடின. கூடவே எஸ்-400 ஏவுகணைகளைச் சிரியாவில் கொண்டுவந்து நிறுத்தியது ரஷ்யா.

அப்புறம்? சம்பந்திச் சண்டை மாதிரிதான். 2016 ஜூனில் துருக்கி அதிபர் எர்டோகன் புதினுக்குக் கடிதம் எழுதினார், ஆகஸ்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருவரும் கைகுலுக்கினார்கள். தக்காளிக்கு மட்டும் 2017 கடைசி வரை மன்னிப்பு கிடைக்கவில்லை. 2019இல் அதே எஸ்-400ஐத் துருக்கி காசு கொடுத்து வாங்கி இறக்கியது. கடுப்பான அமெரிக்கா, நேட்டோ கூட்டாளி என்றும் பாராமல் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து துருக்கியை வெளியே அனுப்பியது.