தம்பியின் கலகாப் பெட்டி

பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ விதமான விளம்பரங்களுக்கு நான் கை வைத்திருக்கிறேன். மரண அறிவித்தல்களைத் திருத்தியிருக்கிறேன். மணமகளின் வயதில் மூன்றைக் குறைத்துப் போடச் சொன்ன தகப்பனோடு வாதாடியிருக்கிறேன். ஆனால் ஒரு விளையாட்டுப் பெட்டியை விற்பதற்கு விளம்பரம் எழுதும் வேலை சென்ற கோடையில்தான் வந்து வாய்த்தது. கனடாவில், ஸ்காபரோவில் உள்ள என் தம்பியின் வீட்டில் தங்கியிருந்த நாட்கள் அவை. வீட்டை விற்றுவிட்டுச் சிறிய தொடர்மாடி வீடொன்றுக்குப் போகும் ஆயத்தத்தில் அவன் இருந்தான். நிலக்கீழ் அறையின் மூலையில் நின்ற அந்தப் பெட்டிக்குப் புதிய வீட்டில் இடமில்லை.

"அண்ணை, நீங்கள்தானே பேப்பர்காரர். நாலு வரி எழுதித் தாங்கோ."

பெட்டி என்றால் கையில் தூக்கும் பெட்டியல்ல. ஆளுயர மர அலுமாரி போன்றது. நெற்றியில் ஒளிரும் பெயர்ப்பலகை, நெஞ்சளவில் திரை, அதன் கீழ் பிடியும் பொத்தான்களும், இன்னும் கீழே நாணயம் போடும் துவாரம். 1981 இல் ஜப்பானின் நம்கோ நிறுவனம் உருவாக்கிய 'கலகா' என்ற விளையாட்டின் பெட்டி அது. வட அமெரிக்காவில் மிட்வே நிறுவனம் அனுமதி பெற்று அதைத் தயாரித்தது. 1981 என்றதும் எனக்கு யாழ்ப்பாண நூலகம் எரிந்ததுதான் நினைவுக்கு வரும். அதே ஆண்டில் உலகத்தின் மறுகோடியில் இப்படியும் ஒரு காரியம் நடந்திருக்கிறது.

விளையாட்டு எளிமையானது. திரையின் அடியில் நம் விண்கலம். அது இடமும் வலமும் மட்டுமே நகரும். மேலிருந்து பூச்சிகளைப் போன்ற எதிரிகள் அணியணியாக வளைந்து இறங்கும். அவற்றுள் தலைமைப் பூச்சி ஒன்று ஒளிக்கற்றையை வீசி நம் கலத்தைச் சிறைப்பிடித்துக்கொண்டு போகும். அது மீண்டும் பாய்ந்து வரும்போது பார்த்துச் சுட்டால், சிறைப்பட்ட கலம் திரும்பி வந்து நம் கலத்தின் பக்கத்தில் சேர்ந்துகொள்ளும். அதன் பிறகு இரண்டு கலங்களும் ஒன்றாகச் சுடும். தவறிச் சிறைப்பட்ட கலத்தையே சுட்டுவிட்டால் அது போனதுதான். தம்பி இதை எனக்கு விளக்கியபோது அவனுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது என்பதை நான் மறந்துபோனேன்.

அவன் 1984 இல் கனடாவுக்கு வந்தவன். ஓர் உணவகத்தில் இரவு வேலை, கோப்பை கழுவுதல். வேலை முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் இடத்தில் ஒரு டோனட் கடை இருந்தது. குளிருக்கு ஒதுங்குவதானால் எதையாவது வாங்க வேண்டும். கோப்பி வாங்குவான். மிச்சக் காசில் ஒரு 25 சத நாணயம் மூலையில் நின்ற கலகாப் பெட்டிக்குப் போகும். "ஊருக்கு ரெலிபோன் எடுக்க வழியில்லை, கதைக்க ஆளில்லை. அந்தப் பெட்டிக்கு முன்னால் நிற்கிற பத்து நிமிஷம் ஒண்டும் யோசிக்கிறேல்லை" என்றான். அந்தக் காலத்தில் அவன் எனக்கு எழுதிய கடிதங்களில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்கவில்லை.

2009 இல், மதுபானச்சாலை ஒன்று மூடப்பட்டபோது அதன் பின்புறத்தில் கிடந்த கலகாப் பெட்டியொன்றை நூறு டொலருக்கு வாங்கியிருக்கிறான். படக்குழாய் செத்திருந்தது. மின்சுற்றுப் பலகையும் வேலை செய்யவில்லை. பழுது பார்க்க ஆள் கிடைக்கவில்லை. படக்குழாயில் நாமாகக் கைவைப்பதும் ஆபத்து. மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் ஆயிரக்கணக்கான வோல்ட் அதற்குள் தேங்கி நிற்கும். எனவே தெரிந்த ஒருவரின் உதவியோடு உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டு, பழைய கணினியொன்றையும் தட்டைத் திரையொன்றையும் பொருத்தினான். கட்டுப்பாட்டுப் பலகையில் துளையிட்டு இன்னொரு பிடியும் ஆறு பொத்தான்களும் சேர்த்தான். அவனது பிள்ளைகள் அதில்தான் விளையாடி வளர்ந்தார்கள்.

இனி விளம்பரம். என் பெறாமகன் முன்கூட்டியே ஒன்று எழுதி வைத்திருந்தான்: 'அசல் 1981 கலகா இயந்திரம், மூவாயிரம் விளையாட்டுகளுடன்.' ஒரே வரியில் உள்ள இந்த இரண்டு கூற்றுகளும் ஒன்றையொன்று கொன்றுவிடுகின்றன என்று சொன்னேன். அசல் கலகாவில் ஒரு விளையாட்டுத்தான் உண்டு. மூவாயிரம் இருந்தால் அது அசல் அல்ல.

இரண்டாவது கூற்றில் வேறொரு சிக்கலும் இருந்தது. அந்தக் கணினியில் ஓடியது 'மேம்' என்ற மென்பொருள். நிக்கோலா சல்மோரியா என்ற இத்தாலியர் 1997 இல் தொடங்கியது. பழைய இயந்திரங்களின் செயற்பாட்டை அழியாமல் பதிந்து வைப்பதே அதன் நோக்கம். 2016 இல் அது திறந்த மூல உரிமத்தின் கீழ் வந்தது. ஆக, மென்பொருளில் குற்றமில்லை. ஆனால் விளையாட்டுகளின் பிரதிகள் வேறு. அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள். பிறர் எழுத்தை எடுத்துத் தம் பெயரில் போட்ட பத்திரிகைகளைத் திட்டி எழுதிய கையால் மூவாயிரம் திருட்டுப் பிரதிகளுக்கு விளம்பரம் எழுத முடியாது என்றேன். பெறாமகன் சிரித்தான். "பெரியப்பா, எல்லாரும் விக்கினம்" என்றான். தம்பி சிரிக்கவில்லை. அன்றிரவே அவற்றை அழித்துவிட்டான்.

நான் எழுதியது இதுதான்: '1981 கலகாவின் மரப்பெட்டி. பெயர்ப்பலகையும் பக்கச் சித்திரங்களும் பழையவை. உள்ளே மாற்றப்பட்டுள்ளது: கணினி, தட்டைத் திரை, துளையிட்ட கட்டுப்பாட்டுப் பலகை. விளையாட்டுகள் சேர்க்கப்படவில்லை. 900 டொலர்.' இப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நான்கு நாட்கள் ஒருவரும் வரவில்லை. எனக்கே சங்கடமாகப் போய்விட்டது. அவன் பணத்தில் நான் அறம் பேசிவிட்டேனோ என்றும் நினைத்தேன்.

ஐந்தாம் நாள் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளையர், பழைய பெட்டிகளை மீளத் திருத்துவது அவரது பொழுதுபோக்கு. வந்தவர் திரையைப் பார்க்கவேயில்லை. பின்கதவைத் திறந்து, தரையில் படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்தார். படக்குழாயைத் தாங்கிய மரச்சட்டத்தைத் தம்பி 2009 இல் வாளால் அறுத்திருந்தான். அந்த இடத்தில் வெளிச்சம் நெடுநேரம் நின்றது.

பழைய சுற்றுப்பலகை இருக்கிறதா என்று கேட்டார். தம்பி கராஜுக்குப் போய், துவாயில் சுற்றி வைத்திருந்த பலகைகளைக் கொண்டுவந்தான். அவற்றைக் கண்டதும் அந்த மனிதரின் முகம் மாறிவிட்டது. மூன்று நுண்செயலிகளையும் விரலால் தொட்டுக் காட்டினார். இவற்றைத் திருத்திவிடலாம் என்றார். பிறகு படக்குழாயைக் கேட்டார். அதைக் குப்பையில் எறிந்துவிட்டதாகத் தம்பி சொன்னான். அவர் தலையை ஆட்டினார். அந்த மாதிரிக் குழாய்களை இப்போது ஒருவரும் செய்வதில்லை என்றார். தட்டைத் திரையில் புள்ளிகள் சதுரம் சதுரமாகத் தெரியும், குழாயில் அவை ஒளியாகப் பரவி நிற்கும் என்றும் விளக்கினார். குறை சொல்லும் தொனி அதில் இல்லை. ஆயினும் தம்பியின் முகம் வாடியதைக் கண்டேன்.

அவர் வானைக் கொண்டுவரப் போன இடைவேளையில், "நான் இதைக் கெடுத்துப்போட்டேனா அண்ணை?" என்று கேட்டான்.

எங்கள் அலுவலகத்தில் ஈய எழுத்துகள் போய்க் கணினி வந்தபோது, பழைய அச்சு இயந்திரத்தை இரும்பு விலைக்கு நிறுத்து விற்றார்கள். எழுத்துகளை உருக்கினார்கள். ஒரு பலகையைக்கூட யாரும் துவாயில் சுற்றி வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. இதை அவனுக்குச் சொன்னேன். நீ எடுக்காதிருந்தால் இந்தப் பெட்டி 2009 இலேயே விறகாகியிருக்கும் என்றும் சொன்னேன். அவனுக்கு ஆறுதலாக இருந்ததா தெரியாது.

650 டொலருக்குப் பேசி முடிந்தது. கணினியும் துளையிட்ட பலகையும் தமக்கு வேண்டாம் என்று வாங்கியவர் கழற்றி வைத்துவிட்டார். புதிய பலகையைப் பழைய அச்சிலேயே செய்து விற்கிறார்களாம். மூன்று பேர் சேர்ந்து பெட்டியைப் படியேற்றினோம். வான் புறப்பட முன்னர், திருத்தி முடிந்ததும் வந்து ஓர் ஆட்டம் ஆடும்படி அவர் தம்பியை அழைத்தார். காசு போட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார்.

நான் கொழும்பு திரும்பியபோது அந்தப் பலகை இன்னும் நிலக்கீழ் அறைப் படிக்கட்டின் கீழேதான் கிடந்தது. பிள்ளைகளின் விரல்பட்டு இரண்டு பொத்தான்கள் நிறம் மங்கியிருந்தன. அதற்கும் ஒரு விளம்பரம் எழுதவா என்று கேட்டேன். வேண்டாம் என்றான்.