பல்லுருக் காய்கள்

சதுரங்கக் குதிரை ஆட்டத் தொடக்கத்தும் குதிரை. வெட்டுண்டு பலகைக்கு வெளியே கிடக்கும்போதும் குதிரையே. யாம் ஈண்டுக் கூறப்புகும் காய்களோ அத்தகையன அல்ல. இவை கணினித் திரையில் விரிந்த வரைபடத்தின்மேல் நிற்கும் சிறு படங்கள். அடைத்த கதவு திறந்த கதவாதலும், எரியும் விளக்கு அவிந்த விளக்காதலும், ஒரே காய் நின்ற இடத்திலேயே தன் படத்தை மாற்றிக்கொள்வதால் நிகழ்வன.

இவ்வாட்டத்தை அறியாத அன்பர்பொருட்டுச் சில சொல்வாம். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்கராகிய கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டம் வெளிவந்தது. ஒருவர் கதை நடத்துவார். ஏனையோர் கதைமாந்தராய் நின்று, தாம் செய்யக் கருதுவதை வாயாற் சொல்லுவர். ஐயமுள்ள இடத்துப் பகடை முடிவு கூறும். வெற்றி தோல்வி இதன்கண் பெரிதன்று, கூடியிருத்தலே பெரிது. கூடியிருக்க இயலாதார் என் செய்வர்? கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் அறைத்தோழராயிருந்த மூவர், படிப்பு முடிந்து பிரிந்த பின்னும் ஆட்டத்தை விடமாட்டாராய், இணையத்தின் வழியே ஒரே மேசையைச் சுற்றி அமர்வதற்கு ஓர் ஏற்பாடு செய்தனர். பொதுமக்களின் பொருளுதவியோடு அது 2012-இல் வெளிவந்தது. 'ரோல்20' என்பது அதன் பெயர். பிரிந்த அறைத்தோழர் செய்த மேசை என்பதனாலேயே எமக்கு அதன்மேல் ஒரு தனிப் பற்று உண்டு.

யாமும் விடுதி நண்பர் ஐவராய் இருந்தோம். முதலாண்டு முடிவதற்குள் எம்முள் ஒருவர் தந்தையாரை இழந்து, படிப்பை நிறுத்தி, தம் ஊரிலுள்ள பலசரக்குக் கடையை ஏற்கவேண்டியதாயிற்று. இரவு கடையடைத்துக் கணக்கும் முடித்தபின் அவர் அங்குள்ள பழைய கணினியின்முன் அமர்வார். பின்கட்டில் பாட்டியார் உறங்குதலால் வாய்திறந்து பேசமாட்டார். அவ்வூர் இணைப்போ எம் குரலைக் கொண்டுசேர்க்கும் வலியற்றது. ஆகவே திரையில் தோன்றும் எழுத்தும் படமுமே அவர்க்கு ஆட்டம். கதை நடத்தும் பொறுப்பு எம்முடையது. கதவு இடிந்தது என்று யாம் சொன்னவுடன் மூவரும் உள்ளே புகுந்துவிடுவர். திரையில் அக்கதவு இன்னும் இடியாமலே நிற்கும். அதனை உடைக்கப்போவதாக அவர் எழுதுவார். இவ்வாறு சில இரவுகள் கழிந்தபின், தம்மால் ஆட்டம் தடைப்படுகின்றது, தம்மை விட்டுவிட்டு ஆடுக என்று ஒரு வரி எழுதி அனுப்பினார். அவ்வரியைப் படித்தபின்னரே யாம் நிரல் எழுதத் துணிந்தோம்.

பல படமுடைய காயை ஆக்குதல் எளிது. பகடை உருட்டிப் பயன் காண்பதற்குரிய அட்டவணை ஒன்றை அமைத்து, வரிக்கொரு படமாக ஏற்றி, அவ்வட்டவணையையே காயாக வரைபடத்தின்மேல் இறக்கவேண்டும். பின்பு சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தி, வரும் பட்டியலில் வேண்டிய பக்கத்தைத் தெரிந்தால் படம் மாறும். ஒரு கதவுக்கு இது சாலும். பன்னிரண்டு கதவும் எட்டு விளக்கும் உள்ள கோட்டையிலோ, கதை சொல்லும் நாவும் பட்டியல் தேடும் கையும் ஒருங்கே இயங்கமாட்டா.

மாற்றத்தைத் தானே நிகழச் செய்தற்கு ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி வேண்டும். அதற்குரிய கட்டணத்தை ஐவரும் பகிர்ந்துகொண்டோம். நன்னூல் பயின்ற எமக்கு இதன் போக்கு அத்துணைப் புதிதாகத் தோன்றவில்லை. நிலைமொழியும் வருமொழியும் சந்திக்குமிடத்து விதி தானே வந்து தொழிற்படுகின்றது. 'இப்பொழுது புணர்க' என்று ஏவுவார் எவருமிலர். அவ்வாறே, காயின் வலிமையெண் மாறின் இன்னது செய்க என்று எழுதிவைத்தால், அது மாறுந்தோறும் நிரல் விழித்தெழுகின்றது. தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் விகாரம் மூன்றும் இவ்விடத்தும் உள. (எம் பேராசிரியர் இவ்வொப்புமையைப் பொறுப்பாராக!)

கோட்டைக் கதவின் வலிமை 40 என்று வைத்தோம். 31 வரை குறைந்தாலும் முழுக் கதவு. 30 முதல் 16 வரை விரிசல் கண்ட கதவு. 15 முதல் 1 வரை சாய்ந்த கதவு. 0 ஆயின் இடிபாடு. பக்கங்களைச் சுழியிலிருந்து எண்ணுதல் அவ்விடத்து மரபாதலின் நான்காம் படத்தின் எண் 3. பக்கவெண்ணை மட்டும் மாற்றினால் படம் அசையாது. படத்தின் முகவரியையும் உடன் மாற்றல் வேண்டும். வியப்பான செய்தி மற்றொன்று. வலிமையெண் எண்ணாக வராமல் எழுத்துக்கோவையாக வருதலும் உண்டு. எழுத்தாகவே இரண்டையும் ஒப்பிட்டால் 40-ஐ விட 9 பெரிது. அகராதியிற்போல முதலெழுத்தே முதற்கண் நோக்கப்படும். உச்ச அளவை மீறினால் முழுக் கதவைக் காட்டுக என்றொரு விதியும் இருக்குமாயின், 9 மட்டும் எஞ்சி விழப்போகும் கதவு புதுக்கதவாய் நிமிர்ந்து நிற்கும்! இரண்டையும் எண்ணாக்கிக்கொண்டு ஒப்பிடுதலே இதற்கு மருந்து.

அம்மேசைக்குரிய அங்காடியில் விலைக்கு வாங்கிய படங்களை நிரலால் மாற்ற இயலாது. ஆடுவோர் தாமே ஏற்றிய படங்களே அதற்கு ஆவன. இக்கட்டுப்பாடு எமக்கு நன்மையாயிற்று. கடை நண்பர் சித்திரம் எழுத வல்லவர். பற்றுச்சீட்டின் பின்புறத்தில் பென்சிலாற் கதவுகளை வரைந்து, கைப்பேசியாற் படமெடுத்து அனுப்பினார். கோட்டைக் கதவு என்று அவர் வரைந்தது, ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட கடைப் பலகைகளாயிருந்தது! ஐரோப்பியக் கோட்டைக்குப் பலகைக் கதவோ என்பார் என்க. எமக்கு அதுவே பிடித்தது. நிரல் இயங்கிய முதல் இரவில், பகடை விழுந்து எண் குறைந்த அக்கணமே பலகைகள் சரிந்தன. யாம் வாய்திறக்குமுன் திரையில் அவருடைய எழுத்து வந்தது: "நானே முதலில் நுழைகின்றேன்."

இவ்விதியை மாந்தர் காய்களுக்கும் விரித்தல் ஓரிரு வரி வேலை. வலிமை 0 ஆயின் கல்லறைப் படம் வருக என்று எழுதிவிடலாம். நண்பர் ஒருவர் அவ்வாறே செய்க என்றார். யாம் உடன்படவில்லை. கதவு இடிதல் விரைந்து தெரியவேண்டும். ஒருவன் வீழ்தலை அங்ஙனம் தெரிவித்தல் தகுமோ? கடை நண்பர் தம் தந்தையார் மறைந்ததை அறிந்ததும் ஒரு திரையினாலேயே. வகுப்பு நடக்கையில் கைப்பேசியில் வந்த ஒற்றை வரி அது.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் அவருடைய வில்வீரன் வீழ்ந்தான். எண் சுழியாயிற்று; படம் மாறவில்லை. யாம் மெல்ல எழுதினோம்: அம்பு எத்திசையினின்று வந்தது, யார் அவனைத் தாங்கினார், ஆற்றின் ஓசை எவ்வாறு கேட்டது என்று. அவன் யாது சொல்ல விரும்புவான் என்று வினவினோம். நெடுநேரம் திரையில் ஒன்றும் வரவில்லை. ஏனை மூவரும் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு எழுத்தாலேயே உடனிருந்தனர். பின்பு அவர் நான்கு வரி எழுதினார். அவை எம் ஐவர்க்கே உரியன. அதன்பின் வலப்பொத்தானை அழுத்தி, பட்டியலைத் திறந்து, கையினாலேயே படத்தை மாற்றினோம்.

இப்பொழுது அவர் புதிய மாந்தர் ஒருவரோடு வந்துள்ளார், ஓடக்காரி ஒருத்தி. அவளுடைய படகுக்கு ஐந்து படம் வேண்டும். கரையில் கட்டியது, பாய் விரித்தது, நீர் புகுந்தது, கவிழ்ந்தது என நான்கு வந்து சேர்ந்தன. பழுது பார்த்துமுடித்த படகின் படம் பொங்கல் விற்பனை தீர்ந்தபின் வரும் என்று எழுதியுள்ளார். அதுகாறும் படகு கரையிலேயே நிற்கின்றது.