கண்ணுக்குத் தெரியாத ஒட்டு

லண்டன் மாநகரின் வடக்கே, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் ஜில்லாவில், லண்டன் கால்னி என்னும் சிற்றூருக்கு அருகில், அகழி சூழ்ந்த பழைய மாளிகை ஒன்று இருக்கிறது. சாலிஸ்பரி ஹால் என்பது அதன் பெயர். 1939-ஆம் ஆண்டில் யுத்தம் மூண்ட சில வாரங்களுக்கெல்லாம், ஹாட்ஃபீல்டில் இருந்த டி ஹாவிலண்ட் விமானக் கம்பெனியார், குண்டு வீச்சுக்கு அஞ்சியும் ரகசியத்தை உத்தேசித்தும், தங்கள் வடிவமைப்பு இலாகாவை இந்த மாளிகைக்கு மாற்றினார்கள். தலைமை வடிவமைப்பாளராகிய ஆர். இ. பிஷப்பும் அவருடைய சகாக்களும் இங்கே உட்கார்ந்து வரைந்த படங்களைக் கொண்டு, தானியக் களஞ்சியம் போலத் தோன்றும்படி கட்டிய ஒரு கொட்டகைக்குள் உருவானதுதான் மஸ்கிட்டோ என்னும் போர் விமானத்தின் முதற்பிரதி. இன்று அந்த மாளிகையை அடுத்த நிலத்தில் டி ஹாவிலண்ட் விமானக் காட்சிசாலை இருக்கிறது. பழைய விமானங்களைப் பழுது பார்த்துப் பாதுகாக்கும் தொண்டர்களின் வேலையைப் பார்க்கவே நான் அங்கே போயிருந்தேன்.

காட்சிசாலையின் பிரதான மண்டபத்தில் அந்த முதற்பிரதியே மஞ்சள் வர்ணத்தோடு நிற்கிறது. 1940 நவம்பர் 25-ஆம் தேதி, கம்பெனியின் ஸ்தாபகரது புதல்வராகிய இளைய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் ஓட்டிப் பறந்த அதே விமானம் அது. யுத்தம் முடிந்த பின்பு உடைத்து எரித்துவிடும்படி உத்தரவாகியும், கம்பெனி ஊழியராகிய பில் பேர்ட் என்பவர் அதை இடத்துக்கு இடம் மாற்றி ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்; மாளிகையைப் பிற்பாடு வாங்கிய மேஜர் வால்ட்டர் கோல்ட்ஸ்மித், அதன் சரித்திரத்தைக் கேட்டறிந்து, பிறந்த இடத்துக்கே விமானத்தைத் திரும்ப வரவழைத்து, 1959-இல் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டார். ஒரு காட்சிசாலை இப்படித் தொடங்கியது அதிகாரிகளின் தீர்மானத்தால் அல்ல, உத்தரவை மீறிய ஓர் ஊழியரின் பிடிவாதத்தால் என்பது கவனிக்கத்தக்கது.

மஸ்கிட்டோவின் விசேஷம் அது மரத்தால் ஆனது என்பதே. உலோகத்துக்குப் பஞ்சம் வரும், உலோக வேலைக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பஞ்சம் வரும், ஆனால் நாற்காலியும் பீரோவும் பியானோவும் செய்து பழகிய தச்சர்களோ யுத்த காலத்தில் வேலையின்றி இருப்பார்கள் என்று கணக்கிட்ட டி ஹாவிலண்ட் கம்பெனியார், துப்பாக்கி ஒன்றும் இல்லாமல், தன் வேகத்தையே கவசமாகக் கொண்டு போய்த் திரும்பும் ஒரு மர விமானத்தைச் செய்து தருவதாகச் சொன்னபோது, விமான இலாகாவில் பலர் நம்பவில்லை. சர் வில்ஃப்ரிட் ஃப்ரீமன் ஒருவர் மட்டும் விடாமல் ஆதரித்தார். 1941-இல் நடந்த பரீட்சையில் அது மணிக்கு 392 மைல் வேகத்தை எட்டியபோது ஆட்சேபங்கள் அடங்கின. யுத்தம் முடிந்த பின்னும் உற்பத்தி நீடித்து, பிரிட்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலுமாக மொத்தம் 7,781 விமானங்கள் செய்யப்பட்டன.

செய்த விதம் எளிமையானது, ஆனால் அபாரமான யுக்தி உடையது. ஈக்வடார் தேசத்துப் பால்சா என்னும் மிக இலேசான மரத்தை, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் நடுவே வைத்து, இருபுறமும் பிர்ச் மரத்து மெல்லிய ஒட்டுப்பலகையைப் பசையிட்டு, அச்சின்மேல் வளைத்து இறுக்கிக் கட்டிக் காயவைப்பார்கள். விமானத்தின் உடல், அவரைக்காயை நெடுக்கப் பிளந்தாற்போல் இரண்டு பாதிகளாக உருவாகும். கம்பிகளையும் குழாய்களையும் உள்ளே பொருத்திவிட்டு, பிறகு இரண்டையும் சேர்த்து மூடுவார்கள். இறக்கை மட்டும் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை 54 அடி நீளத்துக்கு ஒரே உறுப்பு. ஆகவே இந்த விமானத்தைத் தாங்கியது மரம் என்று சொல்வதைவிட, மரத்தோடு மரத்தைச் சேர்த்த பசை என்று சொல்வதே பொருந்தும்.

பட்டறைக்குள் நுழைந்ததும் மரத்தூளின் வாசனையும், அதற்குமேல் ‘டோப்’ என்னும் பூச்சின் காரமான நெடியும் சேர்ந்து வந்தன. அங்கே இருந்தது டிஏ 122 என்ற எண்ணுள்ள மஸ்கிட்டோ. உடல் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கிடந்தது. இறக்கையோ இஸ்ரேலில் கண்டெடுத்த வேறொரு மஸ்கிட்டோவினுடையது. வெயிலிலும் மழையிலும் கிடந்து நைந்துபோன அந்த இறக்கையைச் சீர்திருத்தி இந்த உடலோடு சேர்ப்பதற்கு, சம்பளம் வாங்காத மனிதர்கள் ஒரு தலைமுறைக் காலத்துக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறார்கள். தொடங்கியவர்களில் சிலர் இன்று இல்லை. அவர்கள் பிடித்த உளியை வேறு கைகள் பிடித்திருக்கின்றன.

அன்று வேலை செய்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் தச்சு வேலை கற்பித்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் டெலிபோன் இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஒரு கல்லூரி மாணவனும் இருந்தான். தச்சாசிரியர் ஒட்டுப்பலகையில் ஒரு பழுதை அகற்றிக்கொண்டிருந்தார். உளுத்த பாகத்தைச் சதுரமாக வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் துண்டை வைத்து அடைப்பது அல்ல அந்த வேலை. பழைய பலகையின் விளிம்பை, அதன் கனத்தைப் போல் பன்மடங்கு நீளத்துக்கு, ஒன்றுமில்லாமல் தேயும் வரை சாய்வாக இழைக்கவேண்டும். புதுப் பலகையையும் அதே சாய்வில் இழைத்து அதன்மேல் படியவைக்கவேண்டும். சாய்வு நீளமாக இருக்க இருக்க ஒட்டும் பரப்பு அதிகமாகிறது; விசை ஓரிடத்தில் குவியாமல் பரவிப் போகிறது. பலகையின் அடுக்குகள் அந்தச் சாய்வில் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோடுகளாய்த் தெரிந்தன. ஒரு கோடு வளைந்தாலும் இழைப்பு சமமில்லை என்று அர்த்தம். அவர் இழைப்புளியை ஒருமுறை தள்ளுவார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்ப்பார், விரலால் தடவுவார், மறுபடி தள்ளுவார். உள்ளங்கையளவு இடத்துக்கு அந்தக் காலைப் பொழுது முழுவதும் சென்றது.

பிறகு பசை. ஒரு பரப்பில் பிசினைத் தடவி, மறுபரப்பில் அதை இறுகவைக்கும் அமிலத்தைப் பூசி, இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப் போட்டு முறுக்கினார்கள். விளிம்பு நெடுகப் பசை சிறு மணிகளாகப் பிதுங்கி வந்தது. வராத இடத்தில் சந்தேகப்படவேண்டும் என்றார் ஆசிரியர். அதே கிண்ணத்துப் பசையால் இரண்டு சிறு மரத்துண்டுகளையும் ஒட்டித் தேதியிட்டு ஓரமாக வைத்தான் மாணவன். காய்ந்த பிறகு அதைப் பட்டறைப் பிடியில் வைத்துச் சுத்தியலால் உடைத்துப் பார்ப்பார்கள். முன்பு ஒட்டிவைத்த ஒன்றை எனக்காக உடைத்துக் காட்டினார்கள். ஒட்டு அப்படியே நிற்க, பக்கத்து மரம் நாரோடு கிழிந்து வந்தது. ‘மரம் கிழிந்தால் பாஸ், ஒட்டு பிரிந்தால் செய்ததையெல்லாம் பிரித்து மறுபடி தொடங்க வேண்டியதுதான்’ என்றான் மாணவன்.

இந்தக் கண்டிப்புக்கு நம் நாட்டோடு சம்பந்தமுள்ள ஒரு காரணம் உண்டு. பர்மா யுத்தத்துக்காக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மஸ்கிட்டோக்களில் சில 1944-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் விபத்துக்குள்ளாயின; இறக்கையின் மேல்தோல் உட்சட்டத்தை விட்டுக் கிளம்பியதாகத் தெரிந்தது. பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை நம் வெப்பத்தையும் பருவமழையையும் தாங்கவில்லை என்று முதலில் பேசிக்கொண்டார்கள். ஹெரிவர்ட் டி ஹாவிலண்ட் தலைமையில் வந்து பார்த்த குழு, ஈரத்தில் மரம் சுருங்கியதே காரணம் என்றது. ஆனால் பிற்பாடு நடந்த விசாரணைகளில், மழைக்காலத்தையே பாராத விமானங்களிலும் அதே குறைகள் காணப்பட்டபோது, பழி சீதோஷ்ணத்தை விட்டு நீங்கித் தொழிற்சாலையின் ஒட்டு வேலையின் மேல் விழுந்தது. பிறகு உட்சட்டத்தின்மேல் உள்ள தோலின் இணைப்பு நெடுக ஒட்டுப்பலகைப் பட்டை ஒன்றை வைத்து மூடிப் பலப்படுத்தினார்கள். கேசீனுக்குப் பதில் செயற்கைப் பிசின் வந்தது. 1945-இல் சென்னைக்கு அருகே சோழவரத்திலும் பரங்கிமலையிலும் தங்கியிருந்த மஸ்கிட்டோப் படை இந்தச் சோதனையைக் கடந்து வந்ததுதான். பிற்காலத்தில் மோட்டார்ப் பந்தயத்துக்குப் பேர்போன சோழவரத்து ஓடுபாதையை அறிந்தவர்கள், இந்த மர விமானங்கள் அங்கே வந்து இறங்கியதை அறிந்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு சம்பந்தமும் இருக்கிறது. மரத்தின்மேல் ‘மடப்பொல்லம்’ என்னும் மெல்லிய பருத்தித் துணியை இழுத்து ஒட்டி டோப் பூசுகிறார்கள். கோதாவரி கடலோடு கலக்கும் நரசாபுரத்தருகே, கிழக்கிந்தியக் கும்பினியார் பண்டகசாலை வைத்திருந்த ஊரின் பெயரைத் தாங்கிய துணி அது. ஓர் அம்மையார் அதை ஒரு சுருக்கமும் விழாமல் கையால் நீவிக்கொண்டிருந்தார். ஆசிரியர் காலையெல்லாம் இழைத்த சாய்வும், மாணவன் சோதித்த பசையும், இன்னும் சில நாளில் அந்தத் துணிக்கும் வர்ணத்துக்கும் அடியில் போய்விடும்.

இந்த விமானம் பறக்கப்போவதில்லை, காட்சிக்கு நிற்கப்போகிறது. அப்படியிருக்க, யாரும் காணப்போகாத இடத்தில் ஏன் இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். ஆசிரியர், ஒரு பழைய இறக்கைத் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எந்த விமானத்துடையது என்று தெரியாத துண்டு. ஓரிடத்தில் பசை படாமல் மரம் வெறும் மரமாகவே இருந்தது. ‘இதைச் செய்தவரை நான் எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஐம்பது வருஷம் கழித்து என் வேலையைத் திறந்து பார்க்கிறவர் என்னைத் திட்டக்கூடாது, அவ்வளவுதான்’ என்றார்.

போர்க்கருவி ஒன்றின்மேல் இத்தனை சிரத்தையைக் கொட்டுவது தகுமா என்ற வினா என் மனத்தில் எழாமல் இல்லை. மஸ்கிட்டோ நகரங்களின்மேல் குண்டு போட்ட விமானந்தான். அதைப் பட்டறையில் யாரும் மறைக்கவும் இல்லை, பெருமையாகப் பேசவும் இல்லை. ஆனால் யுத்தத்தின் சரித்திரத்தில் விமானிகளின் பெயர் இருக்கிறது. அவர்களுடைய உயிரைத் தாங்கிய ஒட்டைப் போட்ட தச்சர்களுடைய பெயர் பெரும்பாலும் இல்லை. அந்தக் கைகளின் நேர்மையையும் அலட்சியத்தையும் ஒருங்கே அறிந்து, நேர்மையை மட்டும் பின்பற்றுகிறவர்கள் இந்தத் தொண்டர்கள். ஆகையால் அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மஞ்சள் விமானத்தின் பளபளப்பில் மயங்குவதற்கு முன்னால், பட்டறையில் மேல்தோல் மூடப்படாமல் இருக்கும் விமானத்தைப் பார்த்துவிடுங்கள். மூடிய பிறகு, செய்தவர்களின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.