மாசி மாதக் கப்பல்

முதன்முதலாகத் தனியாகக் கப்பலேற எந்த மாதம் நல்ல மாதம்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எனக்கு முழுசாக மூன்று வருஷம் பிடித்தது. கேட்டால் சிரிப்பீர்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அப்போது சிரிப்பாக இல்லை.

எங்கள் ஊர் பத்தமடை. பாய்க்குப் பேர் போன ஊர். எங்களுக்குத் தண்ணீர் என்றால் தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும்தான். கடலைப் பார்க்க வேண்டுமானால் திருச்செந்தூருக்கோ கன்னியாகுமரிக்கோ போக வேண்டும். அங்கே போனாலும் கணுக்கால் நனைய நின்றுவிட்டு, பிள்ளைகளின் ஈரத்துணியைப் பிழிந்து கொடுப்பதோடு சரி.

2016-இல் கொச்சியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பையன் லீவில் வந்திருந்தான். கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் சுற்றுலாக் கப்பலைப் பற்றிச் சொன்னான். ராத்திரி கப்பலிலேயே படுக்கை, சாப்பாடு. விடிந்தால் ஒரு தீவு. கவரத்தி, கல்பேனி, மினிக்காய் என்று மூன்று தீவுகளைப் பார்த்துவிட்டு ஐந்தாம் நாள் கொச்சிக்குத் திரும்பிவிடலாம். லட்சத்தீவு நிர்வாகத்தின் சுற்றுலா அமைப்பே நடத்துவதால் பயமில்லை என்றான்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவருக்கு மாஞ்சோலை பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும். "எனக்கும் கப்பலுக்கும் ஆகாது. நீ வேணும்னா தனியாப் போயிட்டு வா" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாதாமாதம் கட்டிவந்த சீட்டுப் பணத்தை அதற்கென்றே ஒதுக்கினேன்.

பிறகுதான் மாதம் பார்க்கும் படலம் ஆரம்பித்தது. தினசரிக் காலண்டரின் பின் அட்டையில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதினேன். சித்திரையில் கோயில் கொடை, விருந்தாள். வைகாசியில் கல்யாணங்கள். ஆனியில் பள்ளிக்கூடம் திறப்பு, நெல்லையப்பர் தேர். ஆடியில் அமாவாசை. ஆவணியில் மறுபடியும் கல்யாணம். புரட்டாசியில் காலாண்டுப் பரீச்சை, கொலு. ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகை மழையில் அத்தைக்கு (என் மாமியாருக்கு) முட்டுவலி. மார்கழியில் விடியக்காலை கோலம். தையில் பொங்கல். மாசியில் பரீச்சைக்குப் படிப்பு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில். பன்னிரண்டும் போயிற்று! எனக்கென்று ஒரு மாதம் மிஞ்சவில்லை.

கடைசியில், அரைப்பரீட்சை லீவு விடுகிற டிசம்பர்தான் தோது என்று முடிவு செய்தேன். மகளை என் நாத்தனார் பார்த்துக்கொள்வாள். வெயிலும் இருக்காது. 2017 டிசம்பரில் போகலாம் என்று விசாரித்து வைத்திருந்தேன்.

அந்த வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கரையைப் புரட்டிப் போட்டது. எங்கள் பக்கமும் பேய்க்காற்றும் மழையும்தான். அங்கிருந்து அது நேரே லட்சத்தீவுக்குப் போனது. கடலுக்குப் போன எத்தனையோ மீனவர்கள் வீடு திரும்பவே இல்லை. அந்தச் செய்திகளைப் படித்தபோது என் கப்பல் ஆசையை நினைக்கவே வெட்கமாக இருந்தது. வீட்டுக்குத் தோதான மாதத்தை மட்டும்தான் நான் பார்த்தேன். கடலுக்குத் தோதுதானா என்று கேட்கவே இல்லை.

அதைச் சொன்னது எங்கள் அத்தைதான். அத்தையின் அப்பாவுக்குக் கொழும்பில் கடை இருந்ததாம். ஐம்பதுகளில் சிறுமியாக இருந்தபோது, தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் போயிருக்கிறாள். "எங்க அப்பா ஐப்பசி, கார்த்திகையில எங்களைக் கூட்டிட்டே போகமாட்டாக. தை பிறந்து கடல் அமரட்டும்பாக. அறுபத்திநாலு டிசம்பர்ல அடிச்ச புயல்ல தனுஷ்கோடியே போச்சுல்லா? நீ என்னட்டி, அதே டிசம்பரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கே?" என்றாள்.

பிறகு நான் கடலின் காலண்டரையும் விசாரித்து எழுதிக்கொண்டேன். சகோதரிகளுக்குப் பயன்படும் என்பதால் இங்கே சொல்கிறேன்.

ஜூன் முதல் வாரத்தில் கேரளக் கரையில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். நமக்குக் குற்றாலச் சாரலாக வருகிற அதே காற்றுதான் அரபிக்கடலைக் கலக்கி எடுக்கிறது. மே 15 முதல் செப்டம்பர் 15 வரை லட்சத்தீவுப் பக்கம் சிறு சரக்குக் கலங்கள் ஓடத் தடை உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். அது முடிந்தபின் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். ஏப்ரலில் வெயிலும் புழுக்கமும் ஏறும். மே மாதம் மறுபடியும் புயல் கிளம்பலாம். 2021 மே மாதம் வந்த டவ்தே புயலும் லட்சத்தீவை ஒட்டித்தான் போனது.

கிழக்குக் கரையில் கணக்கு வேறு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து சொகுசுக் கப்பல் ஒன்று ஓடத் தொடங்கியது. மும்பைப் பக்கம் கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அந்தக் கப்பல் இந்தப் பக்கம் வந்தது. கப்பலே காலம் பார்த்துக் கரை மாறுகிறது, பாருங்கள்! நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபர் 14-ஆம் தேதி தொடங்கிய கப்பல், பருவமழையை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நின்று, அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. ஆகவே எந்தக் கப்பலானாலும், எந்தக் கடல் என்று முதலில் பார்த்து, பிறகு மாதத்தைப் பாருங்கள்.

லட்சத்தீவுக்கு மாசிதான் சரி என்று தெரிந்துவிட்டது. ஆனால் 2019-இல் என் மகள் பத்தாம் வகுப்பு. மார்ச் நடுவில் அரசுப் பரீட்சை. பிப்ரவரியில் தாய் கப்பலில் போனால் ஊர் என்ன சொல்லும்? என் நாத்தனாரே கேட்டுவிட்டாள்: "பிள்ளைக்குப் பரீச்சை வருது. மைனி கப்பல்ல போறாகளாக்கும்?"

இன்னும் ஒரு வருஷம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். அந்தச் சமயம் பாய் நெய்கிற அக்கா ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "கோரை நம்ம சௌகரியத்துக்கா விளையுது? அது பதத்துக்கு வரும்போது நாமதான் அரிவாளைத் தூக்கிட்டுப் போகணும். விட்டா முத்திப் போகும்" என்றாள். கூடத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது: "அவ பரீச்சையை நீயா எழுதப் போறே? நான் இருக்கேன், போயிட்டு வா."

மகளைக் கேட்டேன். "நீங்க இல்லேன்னா அஞ்சு நாள் நிம்மதியாப் படிப்பேன்" என்றாள். இத்தனை வருஷம் என்னை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. காலண்டர் அட்டையில் மாதங்களை அடித்தது என் கைதான். அது எனக்கு அன்றுதான் உறைத்தது.

ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லட்சத்தீவுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதற்குப் போலீஸில் நற்சான்று வாங்க வேண்டியிருந்தது. ஸ்டேஷன் வாசலை மிதிக்காத நான் அதற்காக மிதித்தேன். இதற்கெல்லாம் நாளாகும். ஆகவே மாசியில் போக வேண்டுமானால் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறுவதால், போகிறவர்கள் புதிதாக விசாரித்துக்கொள்ளுங்கள். இருவருக்கான அறையில் ஒருவராகத் தங்கினால் சொகுசுக் கப்பல்களில் கட்டணம் கூடும். நான் நாலு படுக்கை உள்ள அறையில் ஒரு படுக்கை எடுத்தேன்.

நாள் குறிக்கும்போது நமக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாற்பதை நெருங்கினால் மாதவிலக்கு நாள் சொல்லி வருவதில்லை. தள்ளிப்போடும் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள். ரத்தக்கொதிப்பு, ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறையும் தொந்தரவு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். நான் வேண்டிய துணியையும் நாப்கினையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினேன். வாந்திக்கான மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டு, கப்பல் கிளம்பும் முன்பே போட்டுவிட வேண்டும். குமட்டல் வந்தபிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது. வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு. தலை சுற்றினால் மேலே வந்து தொடுவானத்தைப் பார்த்து நில்லுங்கள். இஞ்சி முரப்பா என் பையில் எப்போதும் இருந்தது.

மாசி மகத்தை ஒட்டிய வாரம். சேரன்மாதேவியில் என் கணவர் ரயிலேற்றிவிட்டார். செங்கோட்டை, புனலூர், கோட்டயம் வழியாக எர்ணாகுளம். வில்லிங்டன் தீவுத் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும், எங்கள் ஊர்த் தெருவையே நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. 'எம்.வி. கவரத்தி' என்று பெயர். எழுநூறு பேர் போகலாம். அறையில் என்னோடு திருச்சூர் டீச்சர் ஒருவரும், ஒரு தாயும் மகளும்.

கரை மறைந்ததும் போனில் சிக்னல் போய்விட்டது. கல்யாணமாகி வந்த நாள் முதல், "உப்பு எங்கே, துண்டு எங்கே" என்று யாரும் கேட்காத முதல் ராத்திரி அதுதான். மேல்தளத்தில் என் சின்னப் பத்தமடைப் பாயை விரித்து உட்கார்ந்தேன். நிலா வெளிச்சத்தில் கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. சந்தோஷத்தைவிட, கையில் வேலை இல்லாத பதற்றம்தான் முதலில் வந்தது. அது அடங்கவே நள்ளிரவாகிவிட்டது.

மறுநாள் கல்பேனி. மாதம் பார்ப்பது எதற்கென்று அங்கேதான் கண்ணால் கண்டேன். தீவைச் சுற்றிப் பவளப்பாறை, உள்ளே ஆழமில்லாத தண்ணீர். கப்பல் வெளியே நின்றுவிடும். கப்பலின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கீழே ஆடும் சின்னப் படகுக்கு நாம் கால் வைக்க வேண்டும். இரண்டு ஆட்கள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, படகு ஏறிவரும் நொடியில் "இப்போ" என்பார்கள். அமைதியான மாசிக் கடலிலேயே படகு முழ உயரம் ஏறி இறங்கியது. இது ஆடி மாதமாக இருந்திருந்தால்? சேலையை இழுத்துச் சொருகி, சாஸ்தாவை நினைத்துக் கால் வைத்தேன். பயணத்துக்குச் சேலையைவிடச் சுடிதார் நல்லது என்று அப்போதே புரிந்தது.

மூன்றாம் நாள் மினிக்காய். நாம் 'மாசி' என்கிற காய்ந்த சூரை மீனுக்குப் பேர்போன ஊர். அங்கே பேசுவது மலையாளமல்ல, மஹல் என்ற பாஷை. ஆண்கள் பலர் உலகமெல்லாம் ஓடும் கப்பல்களில் வேலைக்குப் போய்விடுவதால், வீட்டையும் ஊர்க் காரியங்களையும் பெண்கள்தான் பார்க்கிறார்கள். 1885-இல் கட்டிய கலங்கரை விளக்கம் ஒன்று இருக்கிறது. மூச்சு வாங்க அதில் ஏறினேன்.

இறங்கியதும் டீச்சரின் போனில் வீட்டுக்குப் பேசினேன். என் கணவரின் குரல் சரியில்லை. நான் கிளம்பிய மறுநாளே மகளுக்குக் காய்ச்சல், நூற்றிரண்டு டிகிரி. எனக்குக் கால் நடுங்கிவிட்டது. திரும்பி ஓட வழியேது? சுற்றிலும் கடல். "பரீட்சைக்கு முன்னே பிள்ளையை விட்டுட்டு வந்தேனே" என்று கரையில் உட்கார்ந்து அழுதேன். அத்தை போனை வாங்கினாள். "டாக்டர்ட்ட காட்டியாச்சு. ராத்திரி காய்ச்சல் விட்டுப் போச்சு. இப்போ ரசம் சோறு சாப்பிடுதா. நீ இங்கே இருந்திருந்தாலும் இதேதான் செஞ்சிருப்பே. போனை வச்சிட்டுக் கடலைப் பாரு" என்றாள்.

உடனே சமாதானமாகிவிடவில்லை. கவரத்தியில் கண்ணாடித் தளப் படகில் பவளத்தையும் வண்ண மீன்களையும் பார்த்தபோதும் பாதி மனசு பத்தமடையில்தான் இருந்தது. ஆனால் மீதிப் பாதி அங்கே இருந்ததே! இத்தனை வருஷத்தில் அந்தப் பாதியை நான் எங்கேயும் கூட்டிப் போனதில்லை.

வீடு திரும்பியபோது புளித்த மாவு, குவிந்த துணி, கருகின பால் சட்டி எல்லாம் இருந்தன. மகள் வாசலில் நின்று, "கப்பல் ஆடிச்சாம்மா?" என்றாள். மார்ச்சில் பரீட்சையும் நன்றாகவே எழுதினாள். அந்தக் காய்ச்சலைப் பற்றி என் நாத்தனார் இன்றும் சொல்லிக்காட்டுவாள். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, முதல் பயணத்துக்கு மாதம் பார்ப்பவர்கள் முதலில் கடலைக் கேளுங்கள், அடுத்து உங்கள் உடம்பைக் கேளுங்கள், வீட்டைக் கடைசியில் கேளுங்கள். வீட்டை முதலில் கேட்டால் அது பன்னிரண்டு மாதத்தையும் எடுத்துக்கொள்ளும். அதன் மேல் தப்பில்லை, நாம்தான் அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

அத்தை இப்போது அடிக்கடி கேட்கிறாள்: "நாகப்பட்டினத்துல இருந்து சிலோனுக்குக் கப்பல் விடுதானாமே, எப்போ போகலாம்?" முட்டுவலிக்காரி படகிலோ கப்பலிலோ ஏற முடியுமா என்று டாக்டரைக் கேட்க வேண்டும். அவர் சரி என்றால் கார்த்திகை மழை முழுசாக விடட்டும். தை பிறந்து கடல் அமர்ந்ததும் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.